பிரசாதம் கணக்கில் வராது

மார்கழி 2, புதன்

பனி. மாடியில் நேற்றுக் காயப்போட்ட சேலை இன்று காலையும் ஈரம். விடியுமுன்னே பிள்ளையார் கோயில் ஸ்பீக்கர். தூக்கம் போச்சு.

பிளஸ் ஒன் விலங்கியல் தாள் பாதிதான் திருத்தியாகியிருக்கிறது. ‘பெருங்குடலின் பணிகள் யாவை?’ ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள்: ‘தண்ணீரை உறிஞ்சுதல் மற்றும் காத்திருத்தல்.’ தனியாக உட்கார்ந்து சிரித்தேன். புத்தகத்தில் இல்லை. ஆனால் தப்பு என்று எப்படிச் சொல்ல? முதலில் அரை மதிப்பெண். பிறகு மனசு கேட்காமல் முழுசாகவே போட்டேன்.

என் பெருங்குடலுக்குக் காத்திருக்கிற வேலை போய் மூன்று வருடம் ஆகிறது.

பழைய நோட்டு தீர்ந்து இது புது நோட்டு. வயதான காலத்தில் எடுத்துப் படித்து நானே முழிக்கக் கூடாது, அதனால் சுருக்கம்: மலக்குடலில் புற்றுநோய். திருநெல்வேலியில் ஆபரேஷன். கீழ்வழியைத் தைத்து மூடிவிட்டார்கள். குடலின் நுனியை இடது பக்க வயிற்றில் வெளியே எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு பை. ஆயுசுக்கும் பை. கீமோ முடிந்தது. விரல் நுனியில் மரப்பு மட்டும் பாக்கி. கையில் சாக்பீஸ் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். மற்றபடி நலம். பாடம் நடத்துகிறேன், பஸ் ஏறுகிறேன், சண்டை போடுகிறேன்.

இன்றைய சண்டை முருகேசனோடு. தம்பி. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. மாடியில் அவனும் பெண்டாட்டி செல்வியும் பிள்ளைகளும், கீழே நான். என்னைப் பார்க்கிற டாக்டரம்மா வருடா வருடம் கேட்கிற முதல் கேள்வி, “தம்பி பார்த்தாச்சா?” அக்காவுக்கு வந்திருப்பதால் கூடப்பிறந்தவனும் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட வேண்டும். ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும். தொந்தரவு இல்லாதபோதுதான் பார்க்கவே வேண்டும்.

அவன் இதுவரை சொன்ன சாக்கு:
ஆவணி முகூர்த்தம்.
ஐப்பசி தீபாவளி.
கார்த்திகை. சபரிமலை மாலை. மறுபடி முகூர்த்தம்.
செல்விக்குப் பல்வலி.
“நல்லாத்தானக்கா இருக்கேன்.”

மார்கழியில் கல்யாணம் கிடையாது. மாட்டினான். எனக்கும் வருடச் சோதனை இந்த மாதம்தான். ரெண்டு பேருக்கும் ஒரே நாள், பதினாலாம் தேதி திங்கள் என்று போனில் சொல்லி வைத்துவிட்டேன். பள்ளிக்கும் லீவு.

“எக்கா, பனியில மல்லி வரத்தே இல்ல. இப்பப் போயி கடைய அடைக்கச் சொல்லுதியே!”

“வரத்து இல்லன்னா கடையில ஒனக்கு என்னலே வேலை?”

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மாடி ஏறிவிட்டான்.


மார்கழி 4, வெள்ளி

வெயில் வர நேரமாகிறது. கை மரப்பு இந்தக் குளிரில் அதிகம்.

ஆராய்ச்சி. நேற்று பீட்ரூட் பொரியல், இன்று பை சிவப்பு. முதல் வருடம் இதையே ரத்தம் என்று நினைத்து அழுதுகொண்டே ஆஸ்பத்திரி வரை போனேன். இப்போது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்க்கிறேன். முருங்கைக்கீரை பச்சையாகவே வருகிறது. நிலக்கடலை முழுசு முழுசாக. மனுசன் மெல்லுவதில்லை, மென்றதாக நினைத்துக்கொள்கிறான். வகுப்பில் சொல்ல ஆசைதான். எப்படிச் சொல்ல.

செல்வி முருங்கைக்காய் கொண்டுவந்தாள். “மைனி, ஒங்ககிட்ட வாயத் தொறக்காம வந்துட்டு எங்கிட்ட குதிக்காரு. எனக்கு என்ன நோயா நொடியாங்காரு.”

“அவனுக்குப் பயமாடி?”

“பயம்னு ஒத்துக்கிட்டா கவுரவம் போயிருமே!”

அவள் போன பிறகு யோசித்துக்கொண்டிருந்தேன். எதற்குப் பயம்? வலியா? மயக்க ஊசி உண்டு என்று சொல்லியாச்சு. வெட்கமா? இருக்கலாம். மார்க்கெட்டில் தெரிந்தால் ஒரு மாசத்துக்குக் கிண்டல். இல்லை, ஏதாவது இருந்துவிடுமோ என்றா? அப்பாவை நினைத்தா?

அப்பாவுக்கு மூலம் என்றுதான் வீடே சொன்னது. ரத்தம் போனால் மூலம், வேறு பேச்சே கிடையாது. கருணைக்கிழங்கு மசியல், துத்திக்கீரை, மோர். அப்பா வருடக்கணக்கில் சாப்பிட்டார். உள்ளே என்ன என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் மூலம் முற்றிப்போச்சு என்றுதான் துட்டிக்கு வந்தவர்களிடம் சொன்னோம். எனக்கு ரத்தம் போனபோது நானும் நேரே போய்க் கருணைக்கிழங்குதான் வாங்கினேன். படித்தது விலங்கியல் எம்.எஸ்சி. நல்லா வருது வாயில.

மின் கட்டணம் கட்ட வேண்டும். பை ரெண்டு பெட்டி சொல்ல வேண்டும்.


மார்கழி 6, ஞாயிறு

கோலத்துக்குப் பூசணிப்பூ கொண்டுவந்து கொடுத்தான் முருகேசன். டீ கொடுத்து உட்கார வைத்தேன். சுற்றி வளைக்கவில்லை.

“ஏலே, ஒனக்கு எதுக்குப் பயம்? அதை மட்டும் சொல்லு. நான் திட்ட மாட்டேன்.”

டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “கண்டுபுடிச்சாவன்னா எனக்கும் பை வச்சிருவாவளோ?”

அடப்பாவி. என் பட்டியலில் இல்லவே இல்லை.

“சாவுக்குக்கூட நான் பயப்படலக்கா. பைய வச்சுக்கிட்டு மார்க்கெட்டுல ஆளோட ஆளா எப்படி நிக்க? சாமிக்குப் பூ எடுத்துக் குடுக்கவன் நான்.”

கோபம் சுர்ரென்று ஏறியது. பையோடு எதிரே இருக்கிறவளைப் பார்த்துச் சாவே மேல் என்கிறான். பையோடுதான் நான் கோமதியம்மனைப் பார்க்கப் போகிறேன், பையோடுதான் இவனுக்கு டீ போட்டேன். திட்ட மாட்டேன் என்று சொல்லித் தொலைத்தாச்சே. திட்டவில்லை. திடீரென்று வேறொன்று தோன்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்காகப் பாய் போட்டுக் கிடந்தவன், சாப்பாடு சுமந்தவன், ஆனால் நர்ஸ் பை மாற்ற வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

“நீ இதைப் பாத்திருக்கியாலே?”

“இல்ல.”

“பாக்கியா? இன்னைக்கு மாத்துத நாள்தான்.”

வாசல் பக்கம் பார்த்தான். மாடிப்படியைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். சேலையை ஒரு பக்கம் ஒதுக்கிப் பையைக் கழற்றித் துடைத்தேன். முதலில் ஒரு கண்ணால் பார்த்தான். அப்புறம் கிட்டத்தில் குனிந்துவிட்டான்.

“எக்கா, இது கோழிக்கொண்டைப் பூ மாதிரில்லா இருக்கு!”

பூக்காரன் புத்தி. ஆனால் சரியாகத்தான் சொன்னான். அதே சிவப்பு, அதே சுருக்கம், அதே பட்டுப் பளபளப்பு. மூன்று வருடமாகப் பார்க்கிற எனக்குத் தோன்றவில்லை.

“தொட்டா வலிக்குமா?”

“குடலுக்குத் தொடுற உணர்ச்சியே கிடையாது. கிள்ளினாலும் தெரியாது.”

அந்த நேரம் பார்த்து அது ஒரு சுருங்கு சுருங்கியது. “ஏ, அசையுது!” என்று பின்னால் துள்ளிவிட்டான்.

“உசுரு உள்ளதுல்லா. அசையத்தான் செய்யும்.”

அதற்குப் பிறகு கேள்வி மேல் கேள்வி. எப்படிப் படுக்க, எப்படிக் குளிக்க, வாடை வராதா, பஸ்ஸில் நெரிசல் என்றால்? இந்த ஆளா இத்தனை மாதமாக ஓடி ஒளிந்தது? பிளஸ் ஒன் பிள்ளைகளில் ஒன்றுகூட இவ்வளவு கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுச் சொன்னேன்:

“நான் பாக்காம விட்டேன், அதான் இது. நீ இப்பமே பாத்தா, சின்னதா ஏதும் இருந்தாலும் அந்தக் குழாயிலேயே எடுத்துருவாவ. கத்தியும் கிடையாது, பையும் கிடையாது.”

“அடுத்த திங்கக்கெழமையா?”

“ஆமா.”

“சரி.” டம்ளரை அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான்.


மார்கழி 11, வெள்ளி

தாள் முடிந்தது. அப்பாடா.

மருந்துப் பொடி ரெண்டு பேருக்கும் வாங்கியாச்சு. முந்தின நாள் திட உணவு எதுவும் கூடாது, தெளிந்த தண்ணீர் வகை மட்டும். சாயங்காலமும் விடிகாலையிலும் பொடி கரைத்துக் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். செல்வி ஆஸ்பத்திரித் தாளைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். முருகேசன் அதன் முன்னால் நின்று கேள்வி கேட்டான்.

“காப்பி?”

“பால் இல்லாம.”

“ரசம்?”

“வடிகட்டி.”

“மோரு?”

“கூடாது.”

“எளநீ?”

“குடி, யாரு வேண்டாம்னா.”

“பூ, இவ்வளவுதானா! சஷ்டிக்கு ஆறு நாளு வெரதம் இருக்கவன் நான். இது ஒரு நாளு.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். செல்வி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். நானும் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன். எல்லாம் சரியாகத்தான் போகிறது.


மார்கழி 13, ஞாயிறு

காலையிலிருந்து இளநீர். பசி வினோதமானது. பதினோரு மணிக்கு உயிர் போகிற மாதிரி வருகிறது, கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடுகிறது. எங்கே போகிறது?

சாயங்காலம் ரெண்டு பேரும் கீழேயே உட்கார்ந்து பொடித் தண்ணீர் குடித்தோம். உப்பும் எலுமிச்சையுமாக ஒரு கண்ராவி. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, “இதக் குடிக்கதுக்கு நோயே தேவல” என்றான். முதல் தடவை குடித்து முடித்ததும், கோயிலுக்கு மாலை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டான். தினம் தெருப் பிள்ளையாருக்கு அவன் கடை மாலைதான். சீக்கிரம் வாலே, வழியில் மாட்டிக்கொள்ளாதே என்றேன். சொன்ன நேரத்தில் வந்துவிட்டான், முகம் வெளிறி, நேரே கக்கூஸ்.

அப்புறம் வீட்டில் திருவிழாதான். அவன் ஓடுகிறான், வருகிறான், உட்காருகிறான், ஓடுகிறான். செல்வி எண்ணிச் சிரிக்கிறாள். எனக்கு ஓட்டம் கிடையாது. பெரிய பையை மாட்டி, அதன் வாயை வாளியில் விட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்தேன்.

“எக்கா, இந்த ஒரு விசயத்துல நீ கொடுத்து வச்சவ” என்றான் கதவுக்குப் பின்னாலிருந்து. மூன்று வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.


மார்கழி 14, திங்கள்

வந்து படுத்து எழுந்து எழுதுகிறேன். கோபம் தீரவில்லை.

முதலில் என்னைப் பார்த்தார்கள், வயிற்று வழியாக. சுத்தம். ஒன்றும் இல்லை. வருடா வருடம் இந்தச் சொல்லுக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது. ஆனால் சந்தோசப்பட நேரமில்லை, அடுத்து அவன்.

நர்ஸ் கேட்டாள், “கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” இவன் கம்பீரமாக, “முந்தாநாள் ராத்திரி. நேத்து முழுக்க எளநீயும் தண்ணியுந்தான்.” நானும் சாட்சி சொன்னேன்.

டாக்டரம்மா வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், தம்பி சுண்டல் சாப்பிட்டிருக்காரே.”

“இருக்காதும்மா. நான் கூடவே இருந்தேன்.”

திரையில் காட்டினார். கடலைத் தோல். பெருங்குடலின் கடைசி மூலை வரைக்கும் அங்கங்கே கடலைத் தோலும் கஞ்சி மாதிரி ஒரு குழைசலும், அதில் கறுப்புக் கறுப்பாக மிளகும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பார்த்தாராம், முடியவில்லை. தெரிந்த இடம் வரை ஒன்றும் இல்லை. வலது கோடியில் குழைசலுக்கு நடுவே ஒரு சின்ன உருண்டை. மிளகா, வேறெதுவுமா, சொல்ல முடியாது. மறுபடி செய்ய வேண்டும்.

மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்தவனிடம் போனேன். “ஏலே, சுண்டல் தின்னியா?”

“சுண்டலா? நான் எங்க தின்னேன்?” உண்மையாகவே முழித்தான். பிறகு முகம் மெல்ல மாறியது. “ஓ, கோயில்லயா? அது பிரசாதம்லா!”

“பொங்கல்?”

“காலையில. ரெண்டு கோயில்லயும். கையில குடுத்தத வேண்டாம்னு சொல்ல முடியுமாக்கா? அது பிரசாதம். சாப்பாட்டுக் கணக்குல வராதுல்லா.”

டாக்டரம்மா நாகர்கோவில்காரர், இந்தக் கணக்கு தெரியாதவரில்லை. என்னைப் பார்த்தார், சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அங்கேயே அவன் தலையில் நாலு வைக்க வேண்டும் போல இருந்தது. சஷ்டி விரதத்தில் அவன் அப்படித்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். நானே வெள்ளிக்கிழமை ஒருபொழுது இருக்கும்போது கோயில் பொங்கலைச் சாப்பாடாக நினைத்ததில்லை. தாளில் ‘திட உணவு கூடாது’ என்றுதான் போட்டிருக்கிறது. பிரசாதம் கூடாது என்று எங்கே போட்டிருக்கிறது?




மார்கழி 15, செவ்வாய்

காலையிலேயே மாடியில் சத்தம். இறங்கி வந்து எனக்கும் ஒரு பிரசங்கம் செய்தான். “நான் சொல்லுதேன் கேளு. பாத்த வரைக்கும் ஒண்ணுமில்லன்னு அந்தம்மாவே சொல்லிட்டாவ. சாமியே போதும்னு தடுத்த மாதிரிதான் எனக்குத் தோணுது.”

“கோட்டிக்காரா, பாதி பாத்தா பாதிதாம்லே தெரியும். சாமி தடுத்தாரா, உன் நாக்கு தடுத்துச்சா?”

“பிரசாதத்த நாக்குக்காகவா தின்னேன்?” அவனுக்கும் கோபம்.

அவன் போன பிறகு, ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த கலர்ப் படத்தை மேசையில் வைத்துப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கண்ணாடி பள்ளி லேபிலிருந்து எப்போதோ எடுத்து வந்தது. அடுக்களையில் மிளகைக் கொதிக்க வைத்து ஊறப்போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெந்த மிளகுக்கும் தோலில் சுருக்கம் போகவில்லை. படத்தில் இருக்கிற உருண்டையில் சுருக்கம் தெரியவில்லை. நிறமும் கறுப்பில்லை, குழைசலுக்கு அடியில் லேசாகச் சிவந்த மாதிரி. ஆனால் படம் மங்கல். நான் பார்க்க நினைப்பதைத்தான் கண் பார்க்கிறதோ? மூன்று தடவை எழுந்து போய்விட்டு மூன்று தடவையும் திரும்பி வந்து பார்த்தேன். மிளகாக இருக்க வேண்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. மிளகாக இருந்துவிட்டுப் போகட்டும், அவன் என்னைச் சாகும்வரை கேலி செய்யட்டும்.


மார்கழி 17, வியாழன்

ஊரெல்லாம் புத்தாண்டு. தெருவில் பையன்கள் கேக் வெட்டினார்கள்.

காரியத்தை முடித்தது செல்வி. நேற்று படத்தை அவளிடம் காட்டினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தாள், மிளகைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். நேரே மாடிக்குப் போனாள். மேலே என்ன நடந்ததோ தெரியாது, இன்று காலை முருகேசன் வந்து, “எந்தக் கெழமைக்கா?” என்றான்.

சனிக்கிழமைதான் கிடைத்தது. பத்தொன்பதாம் தேதி. போனை வைத்த பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். திருவாதிரை!

“எக்கா!” தலையில் கை வைத்துவிட்டான். “திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி தின்னாதவன் நரகக் குழின்னு சொல்லுவாவ. தெரிஞ்சேதான் வச்சியா?”

“சாயங்காலம் தின்னுலே. நரகம் அதுவரைக்கும் தாங்கும்.”

செல்வி அதோடு விடவில்லை. தெருவில் பிரசாதம் கொடுக்கிற ரெண்டு கோயிலுக்கும் நடந்து போய், “நாளைக்கும் நாளான்னிக்கும் எங்க வீட்டுக்காரரு கையில ஒண்ணும் குடுத்துறாதீய சாமி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளையார் கோயில் பூசாரி, “உடம்பு பாக்கப் போறவருக்குத் திருநீறு போதும்மா, அதுவும் நெத்தியில” என்றாராம். இதைச் சொல்லும்போது செல்வி சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.


மார்கழி 19, சனி

திருவாதிரை. பனி ரொம்ப. பஸ் ஜன்னலை மூடியும் காது அடைத்துவிட்டது.

நேற்று கோயிலுக்கு மாலை கொடுக்க அவனைப் போக விடாமல் கடைப் பையனைத்தான் அனுப்பினோம். இன்று பஸ் ஏறும்போது நெற்றி நிறையத் திருநீறு. உதட்டில் ஒட்டியதைக்கூடத் துடைத்துவிட்டான்.

வெளியே நானும் செல்வியும். அவள் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் சுவரிலிருந்த போர்டை எழுத்து எழுத்தாகப் படித்தேன். என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டால் தெரியாது.

டாக்டரம்மா வந்தார். “டீச்சர், மிளகு இல்லை.”

செல்வி என் கையைப் பிடித்தாள். மரத்த விரல், ஆனாலும் தெரிந்தது.

“பாலிப். சின்னதுதான். முழுசா எடுத்தாச்சு. சோதனைக்கு அனுப்பறோம். பார்வைக்குப் பயப்படற மாதிரி இல்ல, ஆனா ரிசல்ட் வரட்டும்.”

படம் காட்டினார். இந்தத் தடவை குடல் சுத்தமாகப் பளபளவென்று. அதில் ஒரு மடிப்பின் ஓரத்தில் அது. இளஞ்சிவப்பு. வழவழப்பு. மிளகளவு. இவ்வளவுதானா? எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், பயம் வரும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, முதலில் வந்தது ஆசைதான். இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போல. எப்போது முளைத்தது? யாருக்கும் தெரியாமல் அந்த இருட்டில் எத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கிறது? ஒரு வலி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நாங்கள் பாட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

முருகேசன் மயக்கம் தெளிந்து படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். “எக்கா, அப்பாவுக்கும் மொதல்ல இம்புட்டுதான் இருந்திருக்குமோ?”

படத்தை வாங்கி உறைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் களி. செல்வி விடியற்காலமே கிண்டி மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். சாமி முன்னால் வைத்து எடுத்து அவனுக்கு ஒரு உருண்டை, எனக்கு ஒரு உருண்டை. அவன் சாப்பிடவில்லை, விழுங்கினான்.


மார்கழி 24, வியாழன்

பள்ளி திறந்தாச்சு. காத்திருத்தல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை வந்து, “மிஸ், தப்பா எழுதினேன், எப்படி மார்க் போட்டீங்க?” என்று கேட்டது. நேர்மையான பிள்ளை. சரியாத்தான் எழுதியிருக்கே, போ என்றேன்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை. போன் அடித்தால் மாடியில் நடமாட்டம் நின்றுவிடுகிறது.


மார்கழி 28, திங்கள்

மேகமூட்டம், ரெண்டு தூறல். மதியம் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது போன்.

புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் வருடங்கள் போக அதுவாக மாறக்கூடிய வகை. எடுத்தாச்சு, அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அவன் பிள்ளைகளும் வயது வரும்போது பார்க்க வேண்டும்.

நன்றி சொல்லி வைத்தேன். அடுத்து பிளஸ் டூ வகுப்பு. போகவில்லை. லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோசம்தான். சந்தோசம் மட்டும் இல்லை. எனக்குள்ளும் ஒரு காலத்தில் அது மிளகளவுதான் இருந்திருக்கும். நான் இதே லேபில் தவளையை அறுத்துக் குடலைக் காட்டிக்கொண்டிருந்த நாளில். ஒருத்தர், ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால். சரி. முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

சாயங்காலம் மார்க்கெட்டுக்கே போய்ச் சொன்னேன். பொங்கலுக்குக் கூட்டம், கத்தல், மல்லி வாசம். முருகேசன் தராசை விட்டுவிட்டு அப்படியே கோணி மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் சத்தம் போட்டே சொன்னான்: “அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமில்லையாம்! பின்பக்கம் குழாய வுட்டு எடுத்துட்டாவ! நீரும் போயி பாரும்!” மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. வெட்கமாம் வெட்கம்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டான்: “மூணு வருசங் கழிச்சு மறுபடி வரணும்னா, மார்கழி வேண்டாம்க்கா. பொங்கல், சுண்டல், களின்னு ஒரே பாடு. ஆடியில வச்சுக்கிடுவோம். அப்பமும் கல்யாணம் கெடையாது.”

“ஆடியில கோயில் கோயிலாக் கூழு ஊத்துவாவலே.”

நடந்துகொண்டே யோசித்தான். பிள்ளையார் கோயில் திருப்பம் வரை யோசித்தான்.

“எக்கா, கூழு தண்ணிக் கணக்குல வராதோ?”